எடை குறைப்பு சத்திரசிகிச்சை: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் இந்தச் சத்திரசிகிச்சைக்கான விளம்பரங்களில் வழக்கமாக இரண்டு படங்கள் இருக்கும். முன்பு ஒன்று, பின்பு ஒன்று. நடுவில் கிடக்கும் ஒன்றரை வருடத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கமிருந்து கொழும்புக்குப் போய் இதைச் செய்துகொள்ள யோசிக்கிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த ஒன்றரை வருடத்தின் விவரந்தான். இங்கே எந்தத் தனி வைத்தியசாலைக்கும் நாம் புள்ளி போடவில்லை. சேவையை முழுதாக எடுத்து, எது கைகொடுக்கிறது, எது மலையேறி வருவதற்குள் நின்றுபோகிறது என்று பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சத்திரசிகிச்சை நல்ல சிகிச்சை. பழகிய கைகளில் செய்தால், பித்தப்பையை லேப்பரஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியாகக் கமராவை விட்டு) அகற்றுவதற்கு இருக்கும் ஆபத்தோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கே இதிலும் ஆபத்து. அதற்குப் பின் வேண்டிய உணவு ஆலோசனை, விட்டமின் கண்காணிப்பு, மனநல ஆதரவு மூன்றும் தூரத்தில் இருப்பவருக்கு எளிதில் அறுந்துபோகின்றன. அதனால் கட்டணத்தையும் கட்டிடத்தையும் பார்த்து இடம் தெரிவு செய்யாமல், வீட்டுக்கு வந்த பிறகு உங்களோடு யார் தொடர்பில் இருப்பார்கள் என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

யாருக்கு இது பொருந்தும்

கிலோ எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. (உடல் நிறைச் சுட்டி) வரும். 160 சென்ரிமீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு 37.5. 1991ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுவதும் பின்பற்றப்பட்ட எல்லை 40, அல்லது நீரிழிவு, பிரஷர் போன்ற நோய்களோடு 35. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அதைத் திருத்தி, 35க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசிய உடம்பில் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சீனி வருத்தமும் வந்துவிடுவதால், நமக்கு 27.5க்கு மேலேயே பேச்சைத் தொடங்கலாம் என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு. அதற்காக 28 உள்ள எல்லோரும் மேசையில் படுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. கட்டுப்படாத நீரிழிவு, தூக்கத்தில் மூச்சு நிற்பது, படி ஏற முடியாத மூட்டு வலி இவையெல்லாம் சேரும்போதுதான் தராசு சாய்கிறது.

உணவு அடிமைத்தனம் உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நினைத்ததைவிட எப்போதும் அதிகமாகச் சாப்பிடுவது, குறைக்க முயன்று முயன்று தோற்பது, ஆள் இல்லாத நேரத்தில் ஒளித்துச் சாப்பிடுவது, உடம்புக்குக் கேடு என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் இருப்பது, கிடைக்காவிட்டால் எரிச்சலும் நடுக்கமும் வருவது. இவற்றைக் கேள்விகளாக்கி அளக்கும் யேல் அளவுகோல் 2009இல் வந்தது, 2016இல் திருத்தப்பட்டது. வைத்திய நூல்களில் இதற்குத் தனி நோய்ப் பெயர் இன்னும் கொடுக்கப்படவில்லை. ஆனால் கட்டுப்பாடிழந்து அளவு மீறி உண்ணும் கோளாறு 2013இலிருந்து மனநோய் வகைப்பாட்டில் தனியாக இருக்கிறது. அது சோம்பேறித்தனமோ வாய்க்கொழுப்போ அல்ல. அதற்குச் சிகிச்சை உண்டு. ஒளித்துச் சாப்பிடுவதை முதன்முறை ஒரு வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்வதற்கு, சத்திரசிகிச்சை மேசையில் ஏறிப் படுப்பதைவிட அதிகத் துணிவு வேண்டும். சொன்னவர்களுக்கே சரியான உதவி கிடைக்கிறது. மறைத்தவர்களுக்கு வயிறு சிறிதாகிறது, பழக்கம் அப்படியே இருக்கிறது.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்

அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையின் வெளி வளைவு ஓரமாக 75 முதல் 80 வீதத்தை ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட, வாழைப்பழ வடிவில் 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாய் மிஞ்சும். வெட்டிய பகுதி திரும்ப வராது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. அந்தப் பகுதியும் போய்விடுவதால் முதல் மாதங்களில் பசியே தெரியாது. பைபாஸில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலை நேரே அதில் இணைப்பார்கள். எடையும் நீரிழிவும் ஸ்லீவைவிடக் கூடுதலாகக் குறையும், விட்டமின் குறைபாடும் கூடுதலாக வரும். முதல் வருடத்தில் மொத்த எடையில் ஸ்லீவில் கால் பங்கு, பைபாஸில் முப்பது வீதம் என்பது எதிர்பார்க்கக்கூடிய கணக்கு. 100 கிலோ ஆள் 60 கிலோவுக்கு வந்துவிடுவார் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

எதைத் தெரிவு செய்வது? நெஞ்செரிவு கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடும், அவருக்கு பைபாஸ் நல்லது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவாரா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பாரா என்று சந்தேகம் இருந்தால் ஸ்லீவ் நல்லது. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இல்லாமல் ஓடாது என்கிற மூட்டுவாதக்காரருக்கும் பைபாஸ் ஆகாது, இணைப்பில் புண் வரும். புகைக்கிறவருக்கும் அதே கதை. வருடங்கள் கழித்தும் பைபாஸில் உட்குடல் இறக்கம் (குடல் வயிற்றுக்குள்ளேயே ஒரு இடைவெளியில் நுழைந்து சிக்குவது) வந்து திடீர்க் கடும் வயிற்று வலி வரலாம். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் பழகிய சத்திரசிகிச்சை நிபுணரும் வேண்டும். கொழும்பிலிருந்து நான்கைந்து மணி நேரத் தூரத்தில் வாழ்கிறவர் இந்த ஒன்றை நிபுணரிடம் கட்டாயம் பேச வேண்டும். வயிற்றுக்குள் வைக்கும் பலூனை ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடையும் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்குச் செலவழிக்க நாம் சொல்லமாட்டோம்.

போவதற்கு முன்

எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், இ.சி.ஜி., எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு), தைரொயிட், இரும்பு, பி12, விட்டமின் டி. குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனை. இரத்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஊர் நகரத்திலேயே கொடுத்து, அறிக்கையோடு கொழும்புக்குப் போகலாம். ஒரு பயணம் மிச்சம். மலைநாட்டுப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணமாகக் காணப்படுவது. அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும், பிறகு சரிசெய்வது இரட்டிப்புக் கஷ்டம்.

கடைசி இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரிக்குள் மாச்சத்துக் குறைந்த உணவு தருவார்கள். இது எடையைக் காட்டுவதற்காக அல்ல. ஈரலின் இடது மடல் இரைப்பைக்கு மேலே மூடிக் கிடக்கிறது. கொழுப்பு ஏறிய ஈரலைத் தூக்கிப் பிடிப்பது கடினம், கிழிந்து இரத்தம் வரும். இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் அது சுருங்கிவிடும். ‘இனிமேல் சாப்பிடவே முடியாதே’ என்று கடைசிக் கிழமையில் கொத்தும் பிரியாணியுமாக விருந்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன. உள்ளே கமராவை விட்டு ஈரலைப் பார்த்த பிறகு சத்திரசிகிச்சையை நிறுத்த வேண்டிய நிலையும் அதனால் வரலாம். அந்த இரண்டு வாரம் வீட்டார் எல்லோரும் சேர்ந்து சாப்பாட்டை எளிதாக்கினால் பெரிய உதவி.

வாட்டில் இருக்கும் இரண்டு மூன்று நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நான்கைந்து சின்னத் துளைகள், ஒன்று இரண்டு மணி நேர வேலை, அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பார்கள். நடக்கச் சொன்னால் நடங்கள், காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கு அதுதான் முதல் மருந்து.

மலையேறி வீடு திரும்புவது

டிஸ்சார்ஜ் ஆன அன்றே பஸ்ஸில் ஹட்டனுக்கு ஏற வேண்டாம். தைத்த இடம் கசியும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று அளவில் இருக்கிறது. ஸ்லீவில் அது பெரும்பாலும் உணவுக்குழாய் சேரும் மேல் முனையில் வரும், வீடு திரும்பிய பிறகும் வரலாம். முதல் மீள்பரிசோதனை முடியும் வரை, குறைந்தது ஒரு வாரம், கொழும்பில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவது நல்லது. அந்தச் செலவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது வானில் முன் இருக்கை, மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிட நடை, கையில் தண்ணீர்ப் போத்தல். கினிகத்தேனைக்கு மேல் வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் வாந்தித் தடுப்பு மாத்திரையை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். புதுத் தையலோடு வாந்தி எடுக்கக் கூடாது.

ஒரு அட்டையை லேமினேட் செய்து பேர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகைச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதி, நிபுணரின் தொலைபேசி, ‘டைக்ளோஃபெனாக் வகை மருந்து வேண்டாம்’, ‘மூக்குக் குழாயைக் கண்மூடித்தனமாக இறக்க வேண்டாம்’. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும். இரவு இரண்டு மணிக்கு டிக்கோயாவிலோ வெலிமடையிலோ உங்களைப் பார்க்கும் இளம் வைத்தியர் இப்படிப்பட்ட வயிற்றை அதற்கு முன் கண்டிருக்காமல் இருக்கலாம். அவர் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வார் என்பதை இந்த அட்டை தீர்மானிக்கும்.

நாடித் துடிப்பு ஓய்வில் 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், இடது தோள் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவது, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காத வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸில் ஏறுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிவால் வீதி அடைபடும் பகுதி என்றால், சத்திரசிகிச்சைத் திகதியையே அந்த மாதங்களைத் தவிர்த்துக் கேளுங்கள்.

முதல் ஆறு வாரச் சாப்பாடு

மருந்துப் பாணிப் போத்தல் மூடியில் வரும் 30 மில்லி கப்தான் முதல் மாதத்தின் அளவுகோல். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கப் என்றால் மணிக்கு 120 மில்லி. ஒன்றரை லீட்டர் முடிய பன்னிரண்டரை மணி நேரம். விடிய ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை ஆறரை ஆகும். நுவரெலியாக் குளிரில் தாகமே தெரியாது, மதியம் வரை ஒன்றுமே குடிக்காமல் இருந்துவிடுவார்கள். முதல் மாதத்தில் மறுபடி வைத்தியசாலைக்குப் போக வைப்பதில் நீர்வற்றலுக்குப் பெரிய பங்கு உண்டு. போனில் பதினைந்து நிமிட அலாரம் வையுங்கள். வெந்நீர்ப் பிளாஸ்க்கில் இளஞ்சூடாக வைத்தால் குளிரிலும் இறங்கும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இருந்தால் குடித்தது போதாது.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். வடித்த பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய கோழி சூப், ஆடை நீக்கிய பால், வடித்த இலைக்கஞ்சி (தேங்காய்ப்பால் சேர்க்காமல்). குரக்கன் கஞ்சி என்றால் 250 மில்லி ஆடை நீக்கிய பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி மா, மெல்லிய துணியில் வடித்து. ஆனால் குரக்கனில் புரதம் குறைவு, அதை நம்பி இருக்க முடியாது. டின்னில் வரும் மோல்ட் பானங்களின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், சீனி நிறைய இருக்கும். இறக்குமதிப் புரதப் பவுடர் ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் தரும், வசதி இருந்தால் முதல் மாதத்துக்கு வாங்கலாம். முடியாதவர்கள் ஆடை நீக்கிய பால்மாவைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்தால் போதும். 30 கிராம் மாவில் 10 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பால் குடித்ததும் வயிறு பொருமினால் சோயாப் பாலுக்கு மாறுங்கள்.

மூன்றாம் நான்காம் வாரம் அரைத்தது. மலையகத்து அடுப்படியில் இதற்குக் கைக்கு எட்டும் பொருள் சோயா மீட். உலர்ந்த சோயா மீட்டில் பாதி புரதம். ஒரு சின்னக் கைப்பிடியை, அதாவது 20 கிராமை, கொதிநீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, உப்பும் மஞ்சளும் ஒரு பல் பூண்டும் போட்டு இருபது நிமிடம் அவிக்க வேண்டும். அவித்த மைசூர்ப் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து மிக்ஸியில் கூழாக அரைத்தால் கரண்டியில் எடுத்தால் மெல்ல வழியும் பதம் வரும். உள்ளே கிடைக்கும் மசாலாப் பக்கெட்டைப் போட வேண்டாம், உப்பும் காரமும் அதிகம். ஒரு வேளைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி, இருபது நிமிடத்தில். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வையுங்கள். தட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சை இங்கே மறக்க வேண்டும்.

ஐந்தாம் ஆறாம் வாரம் மெத்தென்றது: மசித்த முட்டை, டின் மீன், அவித்த கரட், பீர்க்கங்காய், தயிர். அதன் பிறகு சிறிது சிறிதாகச் சாதாரணச் சாப்பாடு, புரதம் முதலில், மரக்கறி அடுத்து, சோறு கடைசியில் இடம் இருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் முன்பின் அரை மணி நேரம் விட வேண்டும்.

சிக்கிக்கொள்ளும் உணவுகளில் முதலிடம் தேங்காய் ரொட்டிக்கு. கோதுமை மா வாயில் மென்றதும் மறுபடி பிசைந்த மாவாகி, குறுகிய குழாயில் அடைத்துக்கொள்ளும். பச்சைப் பாணும் அப்படியே. நெஞ்சு இறுகும், வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறும். அப்போது தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்த்தால் இன்னும் மோசமாகும். எழுந்து நின்று, மெல்ல நடந்து, இறங்கும் வரை பொறுக்க வேண்டும். தோட்டத்தில் ரொட்டியும் கட்டசம்பலும்தான் காலைச் சாப்பாடு என்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு, மெல்லியதாகத் தட்டி மொறுமொறுப்பாகச் சுட்ட கால் ரொட்டியோடு தொடங்கலாம், சம்பலுக்குப் பதில் பருப்பு. நம் ஊர் லீக்ஸின் நார், கங்குங் தண்டு, தோடம்பழச் சக்கை இவையும் சிக்கும். லீக்ஸை மிகப் பொடியாக நறுக்கிக் குழைய வேகவைத்தால் பிரச்சினை இல்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு நாளுக்கு 60 கிராம் புரதம் என்பது இப்படி அமையும்: காலையில் முட்டை ஒன்று, ஒரு கப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால்மா கூடுதலாக, மதியம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மீன் துண்டு, பருப்பு மூன்று மேசைக்கரண்டி, பின்னேரம் ஒரு யோகட், இரவு சோயா மீட் 20 கிராமும் சின்னக் கோழித் துண்டும். இதில் கை வைத்தால் மூன்றாம் மாதம் தலைமுடி கொத்தாக உதிரும். ஒழுங்காகச் சாப்பிட்டாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் கொஞ்சம் உதிரத்தான் செய்யும், பிறகு வளர்ந்துவிடும்.

தேயிலையும் மாத்திரையும்

தினமும் மல்டிவிட்டமின், பி12 (மாத்திரையாக 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி), கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராமை இரண்டு மூன்றாகப் பிரித்து, விட்டமின் டி 3000 யூனிட் அளவில், மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். இது வாழ்நாள் முழுக்க. இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். பி12 ஊசியை மருந்தோடு போனால் உள்ளூர் வைத்தியசாலையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. சாப்பாட்டோடும் சாப்பிட்டு முடித்ததும் பிளேன்டி குடிப்பது மலையகத்தின் மூச்சு. அதை நிறுத்தச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறோம். இரும்பு மாத்திரையை இரவு படுக்கும் முன் எலுமிச்சைச்சாறு கலந்த தண்ணீரோடு போட்டுக்கொண்டு, கடைசிப் பிளேன்டியைப் பின்னேரம் ஐந்து மணியோடு முடித்தால் இரண்டும் மோதாது.

தேயிலையில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நாளைக்கு ஆறு பிளேன்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஏறத்தாழ 50 கிராம் சீனி, 200 கலோரி. 900 கலோரியில் ஓடும் உடம்புக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு குடிக்கிறவர்களுக்கு இன்னும் கூடும். பைபாஸ் செய்தவர் இதைக் குடித்தால் அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றாலே போகும். ஸ்லீவ் செய்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. தேநீரில் நனைத்த பிஸ்கட், டின்பால், மில்க் டொபி, ஐஸ்கிறீம், நொறுங்கும் மிக்ஸர் எல்லாம் சிறிய வயிற்றிலும் தடையில்லாமல் வழுக்கி இறங்கும். எடை திரும்பி வருவதற்கு வயிறு விரிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பல வேளை இந்த வழுக்கும் தீனிதான் காரணம்.

தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு தயமின் (விட்டமின் பி1) வேகமாகத் தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழம்புவது வந்தால் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட வேண்டும். இதையும் அட்டையில் எழுதுங்கள்.

கிளினிக் கொப்பி

அரச வைத்தியசாலை கிளினிக்கில் மாதாமாதம் மருந்து எடுப்பவர்கள் சத்திரசிகிச்சை முடிந்ததும் அங்கே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய அளவிலேயே மருந்து கிடைக்கும். 110 கிலோவுக்கு எழுதிய இன்சுலினும் கிளிக்லசைடும், நாளுக்கு 600 கலோரி சாப்பிடும் உடம்பில் சீனியை அபாயமாக இறக்கிவிடும். முதல் மாதம் காலையும் மாலையும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைக் கரைத்து மெல்லக் குடித்துவிட்டு, அன்றே வைத்தியரிடம் பேச வேண்டும். பிரஷர் மருந்தும் இப்படித்தான், எழுந்ததும் தலை சுற்றினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடித்துக் குடிக்கக் கூடாது, மாற்று வடிவம் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. எடை குறையத் தொடங்கியதும் நின்றிருந்த மாதவிடாய் திரும்பும், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் கூடும். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தவிர்க்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, லூப்போ ஊசியோ பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வேகமாக எடை குறையும்போது பித்தக்கல்லும் உருவாகும், அதைத் தடுக்க ஒரு வகை மாத்திரையை ஆறு மாதம் வரை தருவதுண்டு.

தோட்ட வேலை செய்கிறவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கொழுந்துப் பை, விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம் மூன்றும் அதில் அடங்கும். விடுமுறைக்கான வைத்தியச் சான்றிதழை டிஸ்சார்ஜ் ஆகும்போதே முழுக் காலத்துக்கும் கேட்டு வாங்குங்கள்.

மனசும் வீடும்

கிரெலின் குறைந்திருக்கும் முதல் வருடம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் நேரம். அதன் பிறகு பசி மெல்லத் திரும்பும். கோபம், தனிமை, களைப்பு எல்லாவற்றுக்கும் சாப்பாட்டை மருந்தாக வைத்திருந்தவரிடமிருந்து அந்த மருந்து ஒரே நாளில் பறிக்கப்படுகிறது. சிலர் அந்த வெற்றிடத்தைச் சாராயத்தால் நிரப்புகிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின், பைபாஸில் குறிப்பாக, மதுசாரம் மிக வேகமாக இரத்தத்தில் ஏறும். முன்பு நான்கு கிளாஸ் செய்ததை இரண்டு கிளாஸ் செய்யும். இரண்டாம் வருடத்தில் குடிப்பழக்கம் கூடுவது ஆய்வுகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. குடும்பத்தில் ஏற்கெனவே குடி இருந்தால் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரிடம் கூடுவதும் உண்மை. அப்படி ஒரு எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நேரே போகலாம்.

பழக்கத்தைப் பிடிக்க எளிய வழி ஒரு கொப்பி. என்ன சாப்பிட்டேன் என்பதோடு, அதற்கு முன் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்றும் எழுதுவது. இரண்டு கிழமையில் ஒரு கோலம் தெரியும்: மாலை நான்கு மணி, சம்பளத்துக்கு முந்திய கிழமை, மாமியாரோடு ஒரு வார்த்தை. உளவளத் துணையாளருக்கு இந்தக் கொப்பி தங்கம்.

சடங்கு வீட்டிலும் தேர்த் திருவிழாவிலும் ‘ஒரு வாய்தானே, சாப்பிடு தங்கச்சி’ என்கிறவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. அன்பை நம் ஊரில் சோற்றால்தான் காட்டுகிறோம். அதற்கு முன் நின்று ‘வேண்டாம் அக்கா, டொக்டர் சொன்ன அளவு முடிஞ்சுது’ என்று சிரித்துக்கொண்டு சொல்வது ஒவ்வொரு விசேஷத்திலும் புதிதாக வேண்டிய துணிவு. கணவனோ மனைவியோ பக்கத்தில் இருந்து முதல் ஆளாக அதைச் சொன்னால் பாதிப் பாரம் குறையும். முடியுமானால் வீட்டில் ஒருவர் முதல் ஆலோசனையிலிருந்தே கூட வரட்டும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், காத்திருக்க வேண்டும். தனியாரில் சீக்கிரம் நடக்கும், பக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகையில் ஸ்டேப்ளர் தோட்டாக்கள் எத்தனை அடங்கும் என்று கேளுங்கள். ஒரு ஸ்லீவுக்கு ஐந்தாறு வரை போகும், விலையில் பெரும்பங்கு அதுதான். எண்டோஸ்கோப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவு, 30 நாளுக்குள் மறுபடி சேர்க்க வேண்டி வந்தால் ஆகும் செலவு உள்ளே இருக்கிறதா, வெளியேவா? நிபுணர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார், கசிவு வந்த நோயாளிகளை எப்படிக் கையாண்டார்? நல்ல நிபுணர் இதற்குக் கோபப்படமாட்டார்.

இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பிறகு 3, 6, 9, 12 மாதம், அதற்கப்பால் வருடம் ஒருமுறை என்ற அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். அதில் எவற்றை வீடியோ அழைப்பில் முடிக்கலாம், எவற்றுக்கு நேரில் வர வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். உணவு ஆலோசகரும் உளவளத் துணையாளரும் தமிழில் பேசுவார்களா என்று கேட்டு, பெயரோடு பதில் வாங்குங்கள். ஒளித்துச் சாப்பிட்டதை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘ஏதும் என்றால் போன் பண்ணுங்கள்’ என்பது மட்டும் பதிலாக வந்தால், அந்த இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.